முரண்டு பிடிக்கும் ஸ்டியரிங்

கேம்பேடைக் கையில் வைத்துக்கொண்டு உலகத்தின் எல்லா ரேஸ் டிராக்குகளிலும் முதலாவதாக வந்துகொண்டிருந்த இளைஞர், 30,000 ரூபாய் அளவில் செலவழித்து வாங்கிய ஸ்டியரிங்கை மேஜையில் பொருத்தி உட்கார்ந்த முதல் மாலையில், ஒரு சுற்றைக்கூட முழுதாக முடிப்பதில்லை. முதல் வளைவில் சுவர். மறுபடி தொடங்கினால் இரண்டாவது வளைவில் புல்தரை. மூன்றாவது முறை, நேரான பாதையிலேயே கார் பாம்பு மாதிரி நெளிகிறது. அரை மணியில் தோள் வலிக்கிறது. பின்னால் நின்று வேடிக்கை பார்க்கும் அப்பா கேட்கும் கேள்வி அநேகமாக எல்லா வீட்டிலும் ஒன்றுதான்: "இதுக்காடா இவ்வளவு பணம்?"

கேள்வி நியாயமானது. பழைய பொருட்கள் விற்கும் இணையச் சந்தைகளில் 'அதிகம் உபயோகிக்கப்படாதது' என்ற வரியோடு இந்த ஸ்டியரிங்குகள் தொடர்ந்து வந்துகொண்டேயிருக்கின்றன. முதல் இரண்டு வாரத்தைத் தாண்ட முடியாதவர்கள் விற்றுவிடுகிறார்கள். சாதனத்தில் பழுது எதுவும் இருப்பதில்லை. அது தன் வேலையைச் சரியாகத்தான் செய்துகொண்டிருந்தது. அந்த வேலை என்னவென்று வாங்கியவருக்கு யாரும் சொல்லவில்லை.

இதை ஃபோர்ஸ் ஃபீட்பேக் ஸ்டியரிங் என்கிறார்கள். சக்கரத்துக்குப் பின்னால் ஒரு மின் மோட்டார் இருக்கிறது. திரையில் ஓடும் காரின் முன்சக்கரங்கள் மேல் என்ன விசை வருகிறது என்று கம்ப்யூட்டர் ஒவ்வொரு கணமும் கணக்கிட்டு, அந்த அளவுக்கு மோட்டாரை முறுக்குகிறது. நீங்கள் இடப்பக்கம் திருப்பினால் அது வலப்பக்கம் இழுக்கும். நவீன கார்களில் இருக்கும் மின்சார பவர் ஸ்டியரிங்கிலும் ஒரு மோட்டார்தான் இருக்கிறது. ஆனால் அது ஓட்டுபவருக்கு உதவி செய்கிறது. இது எதிர்த்து நிற்கிறது. ஒரே மோட்டார், நேர்மாறான உத்தியோகம். பவர் ஸ்டியரிங் இல்லாத அம்பாசடரில் பத்து வருஷம் மாரடித்த பெரியவரை இந்தச் சாதனத்தின் முன் உட்காரவைத்தால், அவர் பேரனைவிட நிதானமாக ஒரு சுற்று போய் வந்துவிடக்கூடும். சக்கரம் கையோடு மல்லுக்கு நிற்பது அவருக்குப் பழகிய சமாச்சாரம்.

யோசனை புதிதல்ல. 1976-லேயே சேகா நிறுவனம் 'மோட்டோ-கிராஸ்' என்ற பார்லர் விளையாட்டில், வண்டி மோதும்போது ஹேண்டில்பார் அதிரும்படி செய்தது. அது வெறும் அதிர்வு. உண்மையான பாய்ச்சல் 1989-ல் அடாரி கேம்ஸ் கொண்டுவந்த 'ஹார்ட் டிரைவின்'. சாவி போட்டு ஸ்டார்ட் செய்ய வேண்டும், கிளட்ச் உண்டு, ஸ்டியரிங் கையை எதிர்த்தது. 1990-களின் கடைசியில் இது வீட்டுக்குள் வந்தது. மைக்ரோசாஃப்ட் 1998-ல் இத்தகைய ஸ்டியரிங் ஒன்றை விற்றது. 2001-ல் 'கிரான் டூரிஸ்மோ 3' விளையாட்டோடு லாஜிடெக்கின் ஸ்டியரிங் வந்தது. அதே நிறுவனத்தின் ஜி25, ஜி27, 2015-ல் வந்த ஜி29 ஆகியவை இந்த வரிசையின் வாரிசுகள். இந்தியாவில் முதல் ஸ்டியரிங் வாங்கும் பலருக்குக் கிடைப்பது இந்த ரகம்தான்.

கேம்பேடில் ராஜாவாக இருந்தவர் இங்கே ஏன் திணறுகிறார்? காரணம், அங்கே அவர் தனியாக ஓட்டவில்லை. கட்டைவிரல் சிறிது அசைந்தால் போதும், முழுத் திருப்பம். இப்படி ஒரு காரை யாராலும் ஓட்ட முடியாது என்பதால் விளையாட்டே ரகசியமாக உதவி செய்கிறது. விரலின் பதற்றத்தைச் சமன்படுத்துகிறது. வேகம் கூடக்கூடத் திருப்பத்தைக் குறைத்துக்கொள்கிறது. ஸ்டியரிங்கை இணைத்ததும் இந்த உதவிகளில் பெரும்பகுதி விலகிவிடும். ஒரு பக்கத்துக் கோடியிலிருந்து மறுபக்கத்துக் கோடிவரை 900 டிகிரி, அதாவது இரண்டரைச் சுற்று, இப்போது முழுக்க ஓட்டுபவர் பொறுப்பு. முதல் நாள் நேரான பாதையில் கார் நெளிவதற்குக் காரணம் இதுதான். சிறிய நெளிவு வந்ததும் கை பெரிதாகத் திருத்துகிறது. அந்தத் திருத்தத்தை மறுபடி திருத்துகிறது.

ஆனால் எண்ணிக்கையைப் பழகுவது இரண்டு நாள் வேலை. சிரமம் வேறு இடத்தில் இருக்கிறது.

சைக்கிளின் ஹேண்டில்பாரைத் தொடாமல் சீட்டைப் பிடித்துத் தள்ளிக்கொண்டு போயிருப்பவர்களுக்குத் தெரியும், முன்சக்கரம் தானாகவே நேராகிக்கொள்ளும். காரிலும் அப்படித்தான். முன்சக்கரங்கள் சாய்ந்து பொருத்தப்பட்டிருக்கும் விதமும், தரையைத் தொடும் இடத்தில் டயர் நசுங்கி முறுகும் விதமும் சேர்ந்து, திருப்பிய சக்கரத்தை நேர்நிலைக்கு இழுக்கின்றன. வளைவில் வேகம் கூடினால் இந்த இழுப்பும் கூடும். ஒரு கட்டம்வரைதான். டயர் தன் பிடிப்பின் எல்லையை நெருங்கும்போது, எல்லையைத் தொடுவதற்குச் சற்று முன்னாலேயே, இழுப்பு குறைய ஆரம்பிக்கிறது. கனமாக இருந்த ஸ்டியரிங் திடீரென்று லேசாகிறது. 'இதற்கு மேல் திருப்பினால் கார் திரும்பாது, நேராக வழுக்கிக்கொண்டு போகும்' என்று டயர் சொல்லும் செய்தி அது.

உண்மையான காரில் இந்தச் செய்தி இரண்டு மூன்று வழிகளில் வரும். முதுகும் இருக்கையும் சொல்லும், உள்காது சொல்லும், டயர் முனகும். வீட்டு நாற்காலியில் உட்கார்ந்திருப்பவரின் முதுகுக்கு ஒன்றும் தெரியாது. உடம்பு முழுக்க உணர வேண்டியதை இரண்டு உள்ளங்கைகளில் கொண்டுவந்து கொட்டுகிறது இந்த மோட்டார். பழகுவது என்றால் உண்மையில் இந்த லேசாகும் கணத்தைப் பிடிக்கக் கற்றுக்கொள்வதுதான். புதியவர் அதை நேர்மாறாகப் புரிந்துகொள்கிறார். ஸ்டியரிங் லேசானதும் 'அப்பாடா, விட்டுக்கொடுத்துவிட்டது' என்று இன்னும் கொஞ்சம் திருப்புகிறார். கார் சுவருக்குப் போகிறது.

பின்பக்கம் வழுக்கும்போது நடப்பது இன்னும் சுவாரஸ்யமானது. காரின் வால் வெளியே தள்ளும்போது முன்சக்கரங்கள் தாமாகவே வழுக்கும் திசைக்குத் திரும்பப் பார்க்கும். ஸ்டியரிங் கையிலிருந்து பிடுங்கிக்கொண்டு எதிர்ப்பக்கம் சுழலும். அதாவது, காரைக் காப்பாற்றும் திருப்பத்தை அதுவே முதலில் செய்ய முற்படுகிறது. பயந்துபோய் இறுக்கிப் பிடிப்பவர் அந்த உதவியைத் தடுத்துவிடுகிறார். பிடியைத் தளர்த்தி உள்ளங்கைக்குள் சக்கரத்தை வழுக்கிப் போகவிட்டு, சரியான இடத்தில் மறுபடி பிடிக்க வேண்டும். பிடித்த உடனே திரும்பவும் நேராக்க வேண்டும். தாமதித்தால் கார் மறுபக்கம் சுண்டிவிடும், அது முதல் சறுக்கலைவிட மோசம். இதைப் படித்துக் கற்க முடியாது. நூறு தடவை சுழன்று கவிழ்ந்த பிறகு ஒருநாள், யோசிப்பதற்கு முன்னால் கை செய்து முடித்திருக்கும்.

புதியவர்கள் எல்லோரும் செய்யும் இன்னொரு காரியம், விசையின் அளவை உச்சத்தில் வைப்பது. காசு கொடுத்து வாங்கியிருக்கிறோம், முழுசாக அனுபவிப்போமே! இதைவிடத் தவறான சிக்கனம் கிடையாது. ஜி29 போன்ற ஆரம்ப ரக ஸ்டியரிங்கின் மோட்டாரால் சுமார் 2 நியூட்டன் மீட்டர் முறுக்குவிசைதான் தர முடியும். சக்கரத்தின் விளிம்பில் ஏறக்குறைய ஒன்றரைக் கிலோ எடை தொங்குவது போன்ற இழுப்பு. விளையாட்டோ இதைவிட அதிக விசையைக் கேட்கும். கேட்டது எவ்வளவாக இருந்தாலும் மோட்டார் தன் உச்சத்தில் போய் நின்றுகொள்ளும். அப்போது வளைவின் நடுவே டயர் லேசாவதும் தெரியாது, மேடும் பள்ளமும் தெரியாது. ஒரே முரட்டு இழுப்பு மட்டும் மிஞ்சும். ஆடி மாதத்தில் அம்மன் கோயில் கூம்பு ஒலிபெருக்கியை முழு வால்யூமில் வைத்தால் பாட்டு கேட்காமல் இரைச்சல் மட்டும் கேட்பது இதே காரணத்தால்தான். அளவைக் குறைத்தால் சங்கதிகள் கேட்கும். விசையைக் குறைத்த பிறகுதான் ஸ்டியரிங் பேசுகிறது என்பதை நம்ப மறுப்பவர்கள், ஒரே வளைவை இரண்டு அளவிலும் பத்துப் பத்துத் தடவை ஓட்டிப் பார்க்கலாம்.

பற்சக்கரங்கள் வழியே மோட்டாரின் விசையைக் கடத்தும் மலிவான ரகங்களில் ஒரு கடகடப்பு உண்டு. நடுநிலையில் சிறிது உயிரற்ற இடைவெளியும் இருக்கும். பெல்ட் வைத்த ரகங்கள் வழவழப்பானவை. சக்கரத்தை நேராக மோட்டாரின் அச்சிலேயே பொருத்தும் டைரக்ட் டிரைவ் ரகம் ஒரு காலத்தில் பணக்காரர்களின் சொத்தாக இருந்தது. 2021-ல் ஃபேனடெக் 5 நியூட்டன் மீட்டர் தரும் டைரக்ட் டிரைவ் மோட்டாரை விற்கத் தொடங்கிய பிறகு, நடுத்தர விலைக்கு இறங்கி வந்துகொண்டிருக்கிறது. உயர்ந்த ரகங்கள் 20 நியூட்டன் மீட்டருக்கு மேல் தருகின்றன. விளிம்பில் 14 கிலோவுக்கு மேல், அதாவது சமையல் சிலிண்டருக்குள் இருக்கும் மொத்த கேஸின் எடை. இது விளையாட்டுச் சாமான் அல்ல. திரையில் கார் சுவரில் மோதும்போது ஆரத்துக்குள் கட்டைவிரலைக் கொடுத்திருந்தால் விரல் பிசகிவிடும். மலைப்பாதையில் பழைய ஜீப் ஓட்டியவர்கள் கட்டைவிரலைச் சக்கரத்துக்கு உள்ளே சுற்றாமல் விளிம்பின் மேலேயே வைத்துக்கொள்வார்கள். பாறையில் டயர் இடித்தால் சக்கரம் சுண்டும் என்று அவர்களுக்குத் தெரியும். ஃபார்முலா கார் டிரைவர்கள் மோதப்போவது உறுதியானதும் ஸ்டியரிங்கிலிருந்து கையை எடுத்துவிடுவதும் இதனால்தான்.

வீட்டுப் பிரச்சினைகளும் குறைவல்ல. ஸ்டியரிங்கை இறுக்கினால் எழுதும் மேஜை ஆடுகிறது. உருளும் நாற்காலியில் உட்கார்ந்து பிரேக்கை மிதித்தால் காருக்குப் பதிலாக நாற்காலி பின்னால் போகிறது. இதற்கு உலகம் முழுக்கக் கண்டுபிடிக்கப்பட்ட தீர்வு, நாற்காலியின் உருளைகளைப் பழைய ஷூக்களுக்குள் இறக்கிவைப்பது. பெடல் பலகையைச் சுவரோடு அண்டக் கொடுத்தால் நழுவாது. அபார்ட்மெண்டில் இரவு பதினொரு மணிக்குப் பிரேக் மிதிக்கும் 'தடால்' கீழ்வீட்டுக்காரர்களுக்கு நன்றாகவே கேட்கும் என்பதையும் ஞாபகத்தில் வைத்துக்கொள்வது நல்லது.

பிரேக் என்றதும் ஒரு விஷயம். எல்லோரும் ஸ்டியரிங்கைப் பற்றியே பேசுகிறார்கள், நேரத்தை இழப்பதென்னவோ பெரும்பாலும் காலில். காரில் பிரேக் என்பது கால் எவ்வளவு தூரம் போனது என்பதைவிட எவ்வளவு அழுத்துகிறது என்பதுதான். அழுத்தத்தை அளக்கும் லோட் செல் பெடல்களுக்கு மாறியவர்கள் ஒரே இடத்தில் ஒரே மாதிரி நிறுத்தப் பழகுகிறார்கள். முழு பலத்தோடு மிதித்து, வளைவுக்குள் நுழையும்போது கொஞ்சம் கொஞ்சமாக விடுவது. அப்போது காரின் கனம் முன்சக்கரங்களுக்கு நகர்வதைக் கை உணரும். காலும் கையும் ஒன்றையொன்று கேட்க ஆரம்பிக்கும் இடம் இது.

எவ்வளவு நாள் ஆகும்? ஆளுக்கு ஆள் வேறுபடும். ஆனால் வேகமாகப் பழகுபவர்கள் ஒரு காரியம் செய்கிறார்கள். ஒரு கார், ஒரு டிராக், அவ்வளவுதான். அதுவும் குதிரைசக்தி குறைந்த கார். மாஸ்டா எம்எக்ஸ்-5 மாதிரி சாதாரண டயர் போட்ட சின்ன கார் மெதுவாகவே வழுக்கும், வழுக்குவதை முன்கூட்டியே சொல்லும். ஃபார்முலா 1 காரை எடுப்பவர்களுக்கு எந்தச் செய்தியும் வந்து சேர்வதற்குள் கதை முடிந்துவிடும். கேம்பேடில் எடுத்த நேரத்தை முதல் சில வாரங்களுக்கு மறந்துவிட வேண்டும். அந்த நேரத்தோடு போட்டி போடுவதுதான் பலரை விற்பனை விளம்பரம் எழுத வைக்கிறது.

சரி, இத்தனை பாடுபட்டு என்ன லாபம்? இங்கேதான் அப்பாவின் கேள்விக்கு ஓரளவு பதில் இருக்கிறது. மோட்டார் பந்தயம் பணக்காரர்களின் விளையாட்டு. இந்தியாவில் அது இன்னும் கடுமையாக உண்மை. 1990-ல் திறக்கப்பட்ட இருங்காட்டுக்கோட்டை, 2003-ல் வந்த கோவையின் கரி ஸ்பீட்வே, 2011-ல் வந்த கிரேட்டர் நொய்டாவின் புத் சர்க்யூட் என்று டிராக்குகளை விரல்விட்டு எண்ணிவிடலாம். சிறுவயதில் கோ-கார்ட்டில் தொடங்கி மேலே போக லட்சங்கள் வேண்டும். இந்தக் கதவை வேறு பக்கமிருந்து திறந்தவர்கள் இருக்கிறார்கள். நிஸ்ஸானும் பிளேஸ்டேஷனும் நடத்திய ஜிடி அகாடமி போட்டியில் 2008-ல் ஜெயித்த ஸ்பெயின் நாட்டு லூக்காஸ் ஓர்டோன்யெஸ், 2011-ல் லே மான் 24 மணி நேரப் பந்தயத்தில் தன் பிரிவில் இரண்டாவதாக வந்தார். அமெரிக்காவின் வில்லியம் பைரன் வீட்டுக் கம்ப்யூட்டரில் ஓட்டக் கற்றுக்கொண்டு, பதின்வயதின் நடுவில்தான் நிஜக் காரில் ஏறினார். 2024, 2025 இரண்டு வருஷமும் டேடோனா 500 பந்தயம் அவருடையது. 2024 மே மாதம் இமோலாவில் ஃபார்முலா 1 பந்தயத்தை ஜெயித்த மாக்ஸ் வெர்ஸ்டாப்பன், அதே வாரக் கடைசியில் கம்ப்யூட்டரில் நடந்த நூர்பர்க்ரிங் 24 மணி நேரப் பந்தயத்திலும் தன் அணியோடு ஓட்டி ஜெயித்தார். உலக சாம்பியனுக்கு இது பொழுதுபோக்கு மட்டுமல்ல என்று தெரிகிறது.

எல்லோரும் பைரன் ஆகப்போவதில்லை. லட்சத்தில் ஒருவர்கூட ஆகமாட்டார். ஆனால் புத் சர்க்யூட்டில் ஃபார்முலா 1 நடந்தது 2011 முதல் 2013 வரை மூன்றே வருஷம். வரித் தகராறுகளுக்கு நடுவே அந்தப் பந்தயம் நின்றுபோனது. அந்த வருஷங்களில் வந்த ஃபார்முலா 1 விளையாட்டுகளில் அந்த டிராக் இன்னும் அப்படியே இருக்கிறது. நாராயண் கார்த்திகேயன் நிஜமாக ஓட்டிய அதே நீண்ட நேர்ப்பாதையில், அதன் முடிவில் வரும் அதே இறுக்கமான வலப்பக்க வளைவில், மதுரையிலோ இந்தூரிலோ ஒரு படுக்கையறையிலிருந்து பிரேக் பிடித்துப் பார்க்கலாம். டிக்கெட் வாங்கிக்கூட உள்ளே போக முடியாதவர்களுக்கு இது சின்ன விஷயமல்ல.

இதற்கு ஓர் எல்லை இருக்கிறது. ஜிடி அகாடமியிலிருந்து வந்த இன்னொருவரான ஜான் மார்டன்பரோவின் கார் 2015-ல் நூர்பர்க்ரிங்கில் காற்றில் எழும்பித் தடுப்பைத் தாண்டியது. பார்வையாளர் ஒருவர் இறந்தார். அவர் விளையாட்டிலிருந்து வந்தவர் என்பதற்கும் விபத்துக்கும் சம்பந்தமில்லை. அனுபவசாலிகளுக்கும் அங்கே அது நேர்ந்திருக்கலாம். ஆனால் அந்த நிமிஷத்தைத் திருப்பி ஓட்டும் பொத்தான் யாரிடமும் இல்லை. 20 நியூட்டன் மீட்டர் மோட்டாராலும் தர முடியாத ஒன்று பயம். நூறு தடவை சுழன்று கற்றது என்று மேலே சொன்னது, நூறு தடவையும் எதுவும் நேராமல் எழுந்துவந்ததால்தான் சாத்தியமாயிற்று.

இந்தியச் சாலைகளில் 2022-ல் மட்டும் 1,68,491 பேர் இறந்ததாக மத்திய அரசின் கணக்கு சொல்கிறது. அந்தச் சாலைகளில் எதிரே தவறான பக்கத்தில் வரும் டிராக்டரையும், விளக்கில்லாத லாரியையும், டிவைடரைத் தாண்டும் மாட்டையும் எந்த ரேஸ் விளையாட்டும் வைத்திருப்பதில்லை. படுக்கையறையில் ஒரு மாதம் பழகிவிட்டு வீட்டுக் காரை எடுக்கும் இளைஞர் முதலில் கவனிப்பது வேறொன்று: அதன் ஸ்டியரிங் ஊமையாக இருக்கிறது. இரண்டு விரலால் திரும்பிவிடுகிறது, தரையைப் பற்றி எதுவும் சொல்வதில்லை. மழை பெய்த சாலையில் டயர் எந்த வேகத்தில் பிடிப்பை விடும் என்று அதைக் கேட்டுத் தெரிந்துகொள்ள முடியாது. பக்கத்து இருக்கையில் உட்கார்ந்திருக்கும் அப்பா, "மெதுவாப் போடா" என்கிறார். இந்த முறை அவர் சொல்வதுதான் சரி.